பி. ரம்லி ரசிகரா நீங்கள்? இந்த 8 கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்க பார்ப்போம்!

நிர்வாணா படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட். நாசி கண்டார் கடையில் நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். பின்னால் நிற்கும் நண்பர் சும்மா இருக்க மாட்டார். அந்த பேண்டோட மூணு பாட்டு சொல்லு பார்ப்போம் என்று ஆரம்பிப்பார்.

கிரஞ்ச் இசை ரசிகர்களுக்கு இந்தப் பரீட்சை புதிதல்ல. 'நெவர்மைண்ட்' ஆல்பம் எந்த வருஷம் வந்தது? 1991. பாடகர் கர்ட் கோபேன் எத்தனை வயதில் இறந்தார்? 27. டக் டக்கென்று பதில் வந்தால்தான் உண்மையான ரசிகர் என்று ஒத்துக்கொள்வார்கள்.

சரி, அதே பரீட்சையை நம்ம பினாங்குக்காரர் ஒருவரை வைத்து நடத்தினால் எப்படி?

அவர் பி. ரம்லி. ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். பாடினார், நடித்தார், இசையமைத்தார், கதை எழுதினார், படம் இயக்கினார். உங்கள் தாத்தா பாட்டிக்கு அவர் பாட்டு மனப்பாடம். உங்களுக்கு?

மொத்தம் 8 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். கூகளைத் தொடக்கூடாது. கடைசிக் கேள்வியில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

1. 'பி' எதைக் குறிக்கிறது?

பினாங்கு என்று சொன்னீர்களா? தவறு. 'பி' என்பது அவருடைய அப்பாவின் பெயரில் உள்ள புத்தே.

இயற்பெயர் தெங்கு ஸக்காரியா. அப்பா தெங்கு ஞாக் புத்தே, சுமத்ராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்த கப்பல்காரர். அம்மா சே மா, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையைச் சேர்ந்தவர்.

மலாய்க்காரர்கள் பொதுவாக அப்பா பெயரைப் பின்னால்தான் சொல்வார்கள். இவர் முன்னால் ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டார். நம் வீட்டில் இனிஷியல் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

2. சினிமாவுக்கு அவரைக் கண்டுபிடித்தது யார்?

இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். இடம், புக்கிட் மெர்தாஜாம். வருடம், 1948.

1929 மார்ச் 22ஆம் தேதி பிறந்த ரம்லி, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தபோது ஜப்பானியர் ஆட்சி வந்தது. படிப்பு தடைப்பட்டது. ஆனால் இசை நிற்கவில்லை. உகுலேலே, கித்தார், வயலின் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். 1947இல் வானொலி நடத்திய பாட்டுப் போட்டியில் முதலிடம் பிடித்தார்.

அடுத்த ஆண்டு அவர் மேடையில் பாடுவதை ராஜ்ஹன்ஸ் கேட்டார். உடனே சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில் முதல் படம் 'சிந்தா'. அதில் ரம்லி நடித்தது வில்லனாக. கதாநாயகனுக்குப் பின்னணி பாடியதும் அவரே!

3. அவரை முதன்முதலில் கதாநாயகன் ஆக்கியவர் யார்?

இது தெரிந்தால் உங்களுக்கு நாங்களே ஒரு தே தாரே வாங்கித் தருவோம். பதில், எல். கிருஷ்ணன். மெட்ராஸில் பிறந்து, சின்ன வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர்.

1950இல் வெளிவந்த 'பக்தி' கிருஷ்ணன் இயக்கிய முதல் படம். ரம்லிக்கும் நாயகனாக அதுதான் முதல் படம். திரையில் அவர் தன் சொந்தக் குரலில் பாடி நடித்ததும் அதிலிருந்துதான்.

அந்த ஸ்டூடியோவின் அமைப்பே சுவாரசியமானது. முதலாளிகள் சீனர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். இயக்குநர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். எஸ். ராமநாதன் இயக்கிய 'ஜுவித்தா'விலும் 'இபு'விலும் ரம்லி நடித்திருக்கிறார். இந்தியப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய பாட்டு, கண்ணீர், பணக்காரர் ஏழை மோதல் எல்லாம் அந்தக் கால மலாய்ப் படங்களிலும் ஏன் இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

4. அவர் இயக்கிய முதல் படம் எது?

1955இல் வந்த 'பெனாரெக் பெச்சா'. பெச்சா என்றால் நம்ம ஊர் மூன்று சக்கர ரிக்‌ஷா. ரிக்‌ஷாக்காரருக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் காதல். நாயகன், இயக்குநர் இரண்டுமே ரம்லி. அப்போது அவருக்கு வயது 26.

பிறகு 1957இல் 'பூஜாங் லாப்போக்' வந்தது. கல்யாணம் ஆகாமல், கையில் காசும் இல்லாமல் திரியும் மூன்று நண்பர்களின் கதை. ரம்லி, அஸீஸ் சத்தார், எஸ். ஷம்சுடின் கூட்டணி அடித்த கூத்தில் அதே வரிசையில் மேலும் மூன்று படங்கள் வந்தன.

5. அப்பாவாகவும் மகனாகவும் நடித்து அவர் விருது வாங்கிய படம் எது?

'அனாக்கு சசாலி'. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன மகன், அவனைப் போலீஸில் ஒப்படைக்கும் அப்பா. இரண்டும் ரம்லியே. 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, முழுக்க வண்ணத்தில் எடுக்கப்பட்ட 'ஹங் துவா' படத்தின் இசைக்காகவும் அதே விழாவில் அவருக்கு விருது. இரண்டு படங்களையும் இயக்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த பாணி மஜும்தார்.

6. எந்தப் படத்தில் அவர் சாக்ஸஃபோன் கலைஞர்?

'இபு மெர்துவாகு', 1962. என் மாமியார் என்று அர்த்தம். நகைச்சுவைப் படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள்.

இசைக்கலைஞன் காசிம் செலாமாட்டைக் காதலித்த மகளை, பணக்கார அம்மா ஒதுக்கிவிடுகிறார். தம்பதி பினாங்குக்கு வந்து கஷ்டப்படுகிறார்கள். பிரசவத்துக்கு மகள் சிங்கப்பூர் போன பிறகு, அவள் இறந்துவிட்டதாக மாமியார் பொய் சொல்கிறார். காசிம் அழுது அழுதே பார்வையை இழக்கிறார். அறுவை சிகிச்சையில் பார்வை திரும்புகிறது. ஆனால் உண்மை தெரிந்ததும் அவர் செய்யும் காரியம்... பார்க்காதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இசைக்காரனுக்கு மதிப்பில்லாத வீடு என்ற கதை ரம்லி படங்களில் திரும்பத் திரும்ப வரும். இன்றும் எல்லோரும் பாடும் 'கெத்தாரான் ஜீவா' பாட்டு இடம்பெற்ற, 1960இல் வந்த 'அந்தாரா டுவா டார்ஜாட்'டும் அப்படித்தான்.

7. மலாய் ஆணும் இந்தியப் பெண்ணும் காதலிப்பதாக அவர் எடுத்த படம் எது?

'கெரிமிஸ்', 1968. கெரிமிஸ் என்றால் தூறல். ஓவியர் கமாலாக ரம்லி, லீலாவாக சந்திரா சண்முகம். இரண்டு குடும்பங்கள், இரண்டு மதங்கள், நடுவில் ஒரு கல்யாணம். இன்றைக்கே இதைப் பற்றிப் பேச யோசிக்கிறோம். அவர் அன்றே படமாக எடுத்துவிட்டார்.

8. ரம்லிக்கு 'டான் ஸ்ரீ' பட்டம் எப்போது கொடுக்கப்பட்டது?

60களிலா, 70களிலா என்று யோசிக்கிறீர்களா? இரண்டும் இல்லை. 1990இல். அதாவது அவர் இறந்து 17 ஆண்டுகள் கழித்து.

இந்த இடத்தில்தான் பல ரசிகர்களுக்குக் கதை தெரியாமல் போகிறது. விருது வாங்கிய ரம்லியைத் தெரியும். கடைசிப் பத்தாண்டு ரம்லியைத் தெரியாது.

1964இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் போனார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை. ஜாலான் அம்பாஸில் இருந்த வசதிகள் அங்கே இல்லை. வெளிநாட்டுப் படங்கள் வண்ணத்தில் வந்து குவிந்த நேரத்தில் இவர் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தார். 1963 கடைசியில் மலேசியாவில் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட மோதலால் அந்தப் பெரிய சந்தையும் அடைபட்டது. ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ 1967இல் மூடப்பட்டது.

இசையும் மாறியது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்தார்கள். அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு கித்தார் பேண்டுகள். பாப் யே யே என்ற அலை வந்தது. ரம்லிக்கு அந்தத் தாளமும் தெரியும். 1964இல் வந்த 'தீகா அப்துல்' படத்தின் 'புன்யி கித்தார்' பாட்டைக் கேட்டுப் பாருங்கள், கால் தானாக ஆடும். ஆனாலும் இளைஞர்களின் கண்ணுக்கு அவர் பழைய ஆள் ஆகிவிட்டார்.

இதில் வில்லன் யாரும் இல்லை. புது சத்தம் வரும்போது பழையது ஓரம் போவது எங்கேயும் நடக்கும். 1992 ஜனவரியில் நிர்வாணாவின் ஆல்பம் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தையே அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. வித்தியாசம் ஒன்றுதான். ஜாக்சனுக்கு அது ஒரு வாரச் செய்தி. ரம்லிக்கு அது பிழைப்பு.

அவர் இயக்கிய கடைசிப் படம் 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி'. 1973 மே 29ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 44தான். 60க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவரிடம், போகும்போது பெரிதாகப் பணம் இல்லை. கூடவே இருந்தவர் மனைவி சலோமா. அவரும் புகழ்பெற்ற பாடகி, 1983இல் காலமானார்.

மரியாதையெல்லாம் அதற்குப் பிறகு வரிசையாக வந்தது. 1982இல் கோலாலம்பூரின் ஜாலான் பாரி, ஜாலான் பி. ரம்லி ஆனது. 1986இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. 2020இல் கம்போங் பாரு பக்கம் திறந்த நடைபாலத்துக்கு சலோமா பெயர். ஜார்ஜ் டவுனில் ரம்லி பிறந்த மரவீடும் இருக்கிறது, அவர் பெயரிலேயே உள்ள சாலையில்.

எத்தனை மதிப்பெண்?

7 அல்லது 8: உங்கள் பாட்டியை உட்கார வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். தோற்றுப்போனால் எங்களைத் திட்டாதீர்கள்.

4 முதல் 6: பாட்டு தெரியும், ஆளைத் தெரியாது. இன்று ராத்திரி 'இபு மெர்துவாகு' பாருங்கள். பக்கத்தில் டிஷ்யூ வைத்துக்கொள்ளுங்கள்.

3க்குக் கீழே: பரவாயில்லை. இதைக் கடைசிவரை படித்தீர்களே, அதற்கு 1 மதிப்பெண் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. இதற்கு மதிப்பெண் இல்லை. ரம்லியின் பிறந்த ஆண்டு, படங்களின் எண்ணிக்கை எல்லாம் இன்று நம் விரல்நுனியில் இருக்கிறது. ஆனால் அவருக்கு அது தேவைப்பட்டது 1970இல், கொட்டகையில் டிக்கெட் எடுக்கும் ஆட்களாக.

நம் ஊரில் இப்போது பாட்டுப் போடும், குறும்படம் எடுக்கும் பிள்ளைகளில் யாருடைய வேலைக்காவது இந்த வருஷம் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்களா?

பதிலை எங்களுக்கு எழுத வேண்டாம். அவர்களில் ஒருவரின் அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கினால் போதும்.