நாயனத்தை நீட்டிய ராஜரத்தினம்



அவிநாசிக் கோயில் தேரோட்டத்தில் நாயனச் சத்தம் கேட்காதவங்க நம்மில் யாருமே இருக்க மாட்டாங்க. ஆனால் அந்த நாயனம் நம்ம மெஷின் ஷாப்புக்கும் சொந்தம்னு சொன்னா நம்புவீங்களா? மெக்கானிக்கல் மாணவனான என்னை ஒரு சங்கீத வித்வானைப் பற்றி எழுத வைத்ததே அந்த விஷயந்தான்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது 1898-இல். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் பெயரைத்தான் முன்னெழுத்தாக வைத்துக்கொண்டார். முதலில் படித்தது வாய்ப்பாட்டு. அப்புறந்தான் நாயனம். மனசுக்குள் பாட்டு ஓடுது, கையில் இருக்கும் கருவி அதுக்கு ஒத்து வரலை. அங்கேதான் சிக்கல்!

அந்தக் காலத்து நாயனம் ‘திமிரி’. குட்டையானது, சுருதி அதிகம். வீதி முழுக்கக் கேட்கும். ஆனால் சுத்த மத்யமம் என்ற ஸ்வரம் அதில் சுலபமா வராது. உதட்டாலும் மூச்சாலும் மல்லுக்கட்டித்தான் கொண்டு வரணும். கருவி அப்படித்தான்னு மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். இவர் பழகிக்கொள்ளவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் போனார். ஆச்சா மரத்தைக் கடைந்து, குழலை நீட்டி, துளைகளை இடம் மாற்றி ஆசாரி உருவாக்கியதுதான் ‘பாரி’ நாயனம். காற்றோடும் குழல் நீண்டால் சுருதி இறங்கும்னு நம்ம பிசிக்ஸ் வாத்தியார் சொன்னது இதேதான்!

இதில் ஒரு அழகைக் கவனிங்க. ராஜரத்தினம் என்றாலே தோடி ராகந்தான். அவருடைய தோடி இசைத்தட்டு ஊரெல்லாம் பாடியது. அந்தத் தோடிக்குத் தேவையான மத்யமம், திமிரியில் மக்கர் பண்ணிய அதே சுத்த மத்யமம்!

கருவியை மாற்றியவர் கலைஞனின் மரியாதையையும் மாற்றினார். நாயனக்காரர் சட்டை போடக்கூடாது, நின்றுகொண்டுதான் வாசிக்கணும் என்றிருந்த காலம் அது. இவர் கிராப்பு வெட்டி, ஷெர்வானி போட்டு, மற்ற வித்வான்களுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 1940-இல் ‘காளமேகம்’ படத்தில் நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில், சுதந்திரத்தை வரவேற்க ஆதீனத்தார் நேருவைப் பார்க்கப் போனபோது இவர் நாயனமும் கூடவே ஒலித்தது. கை நிறையச் சம்பாதித்தார், கை நிறையச் செலவழித்தார். 1956 டிசம்பர் 12-இல் மறைந்தார்.

வித்வான் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஆசாரியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே 2022-இல்தான். நாளைக்கு நாமும் லேத் முன்னால் நிற்கப் போகிறவர்கள். நிட்டிங் மெஷினில் கேஜ் மாறினால் துணியே மாறிடும்னு பனியன் கம்பெனி ஊர்க்காரங்க நமக்குச் சொல்லித் தரணுமா? மெஷின் அப்படித்தான்னு யாராவது சொன்னா, உடனே தலையாட்டிடாதீங்க. அதோடு மல்லுக்கட்டுறவர் சொல்றதையும் காது கொடுத்துக் கேளுங்க. அவர் கேட்டார், ஆசாரி செய்தார்... தோடி பிறந்தது!