நடத்தையின் வேரை மூளையில் தேடியவர்: மருத்துவர் பி. ராமமூர்த்தி

உங்கள் இல்லத்தில் ஒருவர் காரணமின்றிக் கடுஞ்சினம் கொள்கிறாரா? பொருள்களை உடைக்கிறாரா? தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்கிறாரா? பிடிவாதம் என்றும், வளர்ப்பின் குறை என்றும், பேய் பிடித்துவிட்டது என்றும் அக்கம்பக்கத்தார் கூறக் கேட்டிருப்பீர்கள். இத்தகைய நடத்தைக்கு மூளையில் காரணம் இருக்கக்கூடும் என்று தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்த மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை இப்பக்கம் விளக்குகிறது.

சீர்காழியிலிருந்து மாண்ட்ரியலுக்கு

பி. ராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1947இல் எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்றபின், கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டின் பணியை அருகிருந்து கண்டார்.

பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகள் விழித்திருக்கும்போதே அவர்களுக்கு மூளை அறுவை செய்தவர். காதுக்கு உட்புறமாக அமைந்த மூளையின் பக்கவாட்டு மடலை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டியபோது, சிலருக்குப் பழைய நிகழ்ச்சிகள் நினைவில் எழுந்தன. சிலருக்குப் பாடல் கேட்டது. நினைவும் உணர்ச்சியும் மூளையின் செயல்களே என்பதற்கு இவை கண்கூடான சான்றுகளாயின.

சென்னையில் செய்த பணி

1950இல் தாயகம் திரும்பிய ராமமூர்த்தி, சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான் வேலூரில் ஜேக்கப் சாண்டி இத்துறையைத் தொடங்கியிருந்தார். மூளையைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் அன்று உலகில் எங்கும் இல்லை. 1951இல் இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இணைந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர்.

மூளையின் பக்கவாட்டு மடலுக்குள் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உள்ளது. அச்சத்திலும் சினத்திலும் அதற்குப் பெரும் பங்குண்டு. புதிய நினைவுகளைப் பதியச் செய்யும் ஹிப்போகேம்பஸ் அதனை அடுத்தே அமைந்துள்ளது. மருந்துக்குக் கட்டுப்படாத முரட்டு நடத்தை கொண்டோருக்கு, தலையில் சட்டம் பொருத்தி, மெல்லிய மின்முனையைச் செலுத்தி, அமிக்டலாவின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்யும் அறுவையை ராமமூர்த்தியும், உடன் பணியாற்றிய வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோரும் மேற்கொண்டனர். ஹைப்போதலாமஸ் பகுதியில் செய்தவற்றையும் சேர்த்து 603 அறுவைகளைப் பற்றி ராமமூர்த்தி 1988இல் அறிக்கை வெளியிட்டார். பலரிடம் முரட்டுத்தனம் குறைந்ததாக அதில் பதிவு செய்தார்.

பத்ம பூஷண் விருது பெற்ற அவர், 2003ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் சென்னையில் காலமானார்.

நோயாளியின் ஒப்புதல்

அழிக்கப்பட்ட மூளைத் திசு மீண்டும் வளர்வதில்லை. அமைதி அடைந்தவர் வேறு எதையேனும் இழந்தாரா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் எளிதில் அறிய இயலாது. குடும்பத்தின் துயரைத் தீர்க்கச் செய்யப்படும் அறுவைக்கு, அதைத் தாங்கும் நோயாளி இசைந்தாரா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. மருந்துகளும் மேம்பட்டமையால், இவ்வறுவை இன்று மிக அரிதாகவே செய்யப்படுகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 96ஆம் பிரிவின்படி, மனநோய்க்கான சிகிச்சையாக மூளை அறுவை செய்ய நோயாளியின் தெளிந்த ஒப்புதலும், உரிய மனநல வாரியத்தின் அனுமதியும் கட்டாயம். குடும்பத்தாரின் விருப்பம் மட்டும் போதாது. மூளைக்கட்டி போன்றவற்றுக்கான அறுவை இதிலிருந்து வேறானது.

நீங்கள் செய்ய வேண்டியவை

புதுக்கோட்டை மாவட்டத்தில் பணியாற்றும் மருத்துவர் என்ற முறையில் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுவே. நடத்தை மாறிய ஒருவரைத் தண்டிக்காதீர்கள், கட்டிவைக்காதீர்கள். மாற்றம் எப்போது தொடங்கியது, வலிப்போ தலைக்காயமோ ஏற்பட்டதா, உறக்கமும் நினைவாற்றலும் எவ்வாறு உள்ளன என்பவற்றைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். காய்ச்சல், வலிப்பு, கை கால் தளர்ச்சி ஆகியவற்றுடன் திடீர்க் குழப்பம் ஏற்பட்டால் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14416 எந்நேரமும் செயல்படுகிறது.

மருத்துவரிடம் நீங்கள் பேசும்போது, நோயாளியும் பேச இடம் கொடுங்கள். அவருடைய நோய் மூளையைச் சார்ந்தது என்பதால் அவருடைய விருப்பம் மதிப்பிழந்துவிடுவதில்லை.