ஸர் வில்லியம் லயன்ஸ்

விரைவுக் கார்களை விழைவார் முன் நெடுங்காலமாக ஒரு வினா நிற்கின்றது. நிலையான கூரையுடைய கூப்பேயைக் கொள்வதா, வானமே கூரையாக, மழைக்குத் துணி மறைப்பு மட்டும் உடைய ரோட்ஸ்டரைக் கொள்வதா என்பதே அது. இவ்விருவகை வண்டிகளையும் உலகம் வியக்க ஆக்கியளித்தவர் ஜாகுவார் கார் கண்ட ஸர் வில்லியம் லயன்ஸ் ஆவார்.

இவர் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இங்கிலாந்தின் கடற்கரை நகராகிய பிளாக்பூலில் பிறந்தார். தந்தையார் இசைக்கருவி வாணிகர். லயன்ஸ் 1922இல் வில்லியம் வால்ம்ஸ்லி என்பாரோடு கூடி, மோட்டார் சைக்கிளின் பக்கத்தே பூட்டும் சிறுவண்டிகளைச் செய்யத் தொடங்கினார். 1927இல் ஆஸ்டின் செவன் என்னும் எளிய காரின் அடிச்சட்டத்தின்மேல் அழகிய திறந்த உடலை அமைத்து விற்றார். வேண்டுவோர் அதற்குக் கூரையும் பெறலாம். மறு ஆண்டே தொழிற்சாலை கவென்ட்ரி நகருக்கு மாறிற்று.

1931இல் வெளிவந்த எஸ்.எஸ். 1 என்னும் கூப்பே, நீண்ட முன்பாகமும் தாழ்ந்த கூரையும் உடையதாதல் வேண்டுமென அவர் எண்ணியிருந்தார். அதன் உருவம் முற்றுப்பெறும் வேளையில் குடல்வால் நோயுற்று மருத்துவமனை புகுந்தார். உள்ளமர்வோர்க்குத் தலையிடம் போதாதென்று கருதிய வால்ம்ஸ்லி கூரையை உயர்த்திவிட்டார். மீண்டு வந்து கண்ட லயன்ஸ் பெரிதும் வருந்தினார். சில அங்குலக் கூரையிலே அழகும் வசதியும் தம்முள் மாறுபட்டு நின்றன. இம்மாறுபாட்டைத் தீர்ப்பதே அவர்தம் வாழ்நாட்பணி ஆயிற்று.

1945இல் நிறுவனம் ஜாகுவார் எனப் பெயர் பூண்டது. 1948இல் இலண்டன் கண்காட்சியில் எக்ஸ்.கே. 120 ரோட்ஸ்டர் தோன்றிற்று. மறு ஆண்டு பெல்ஜிய நாட்டு ஜாபெக் நெடுஞ்சாலையில் அது மணிக்கு 132 மைலுக்கு மேல் ஓடிற்று. எனினும் அதற்குக் கண்ணாடிச் சன்னல் இல்லை. கதவின் புறத்தே கைப்பிடியும் இல்லை. வெயில் காயும் கலிபோர்னியாவில் அது குறையன்று. மழையும் குளிரும் மிக்க நாட்டிலோ பெருங்குறையே. ஆகவே 1951இல் கூரையும், ஏற்றி இறக்கும் சன்னலும் உடைய கூப்பேயை அளித்தார். 1952இல் பாரிஸை அடுத்த மான்லேரிப் பந்தயச்சாலையில் நால்வர் முறைமாற்றி ஓட்ட, இக்கூப்பே ஏழு பகலும் ஏழு இரவும் ஓடி, மணிக்குச் சராசரி 100 மைலுக்குக் குறையாமல் 16,851 மைல் கடந்தது. நெடுவழிக்குக் கூரையின் பயன் இதனால் விளங்கிற்று.

1955இல் லெ மான் பந்தயத்துக்குச் செல்லும் வழியில், பிரான்சில் நேர்ந்த கார் விபத்தில் அவர்தம் ஒரே மைந்தர் ஜான் மாண்டார். தமக்குப்பின் தொழிலை ஏற்பார் எனக் கருதிய மகனை இழந்தும் லயன்ஸ் கடமையினின்று நீங்கினாரல்லர். மறு ஆண்டு ஸர் பட்டம் பெற்றார்.

1961இல் ஜெனீவாவில் ஈ டைப் வெளியிடப்பட்டது. அதன் உருவை வகுத்தவர் மால்கம் சேயர். முதலிற் சென்றது கூப்பே. ஏறிப்பார்க்க விரும்பினோர் திரண்டமையால், ரோட்ஸ்டர் ஒன்றையும் உடனே கொணருமாறு லயன்ஸ் பணித்தார். நார்மன் டூயிஸ் அதனைக் கவென்ட்ரியிலிருந்து இரவோடிரவாக ஓட்டிச் சேர்த்தார். பத்திரிகையாளர் சோதித்தபோது கூப்பே மணிக்கு 150 மைலும், ரோட்ஸ்டர் 149 மைலும் எட்டின. வேகத்தால் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த இடமில்லாது போயிற்று.

லயன்ஸ் பொறியியற் பட்டம் பெற்றவரல்லர். வரைபடத்தைக் காட்டிலும் தம் கண்ணையே நம்பினார். மரத்தாலும் தகட்டாலும் முழு அளவில் உருச்செய்வித்து, தம் இல்லத்தின் முன் பகலொளியில் நிறுத்திப் பலகாலும் நோக்கித் திருத்துவார். சிக்கனத்தில் மிகக் கண்டிப்பானவர். ஆயினும் அழகில் சிக்கனம் காட்டியதில்லை. 1972இல் ஓய்வு பெற்று, 1985ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் காலமானார்.

கூப்பேயோ ரோட்ஸ்டரோ சிறந்தது என்று அவர் முடிவு கட்டினாரல்லர். இரண்டையும் குறைவறச் செய்து, தேர்வைக் கொள்வோரிடமே விட்டார். செல்லும் வழியையும், அவ்வழியின் வானத்தையும், தன் உள்ளத்தின் நாட்டத்தையும் அறிந்தவனே சரியாகத் தேர்வான். கார் கொள்வார்க்கே அன்றி, வாழ்வில் துறை தேரும் மாணவராகிய நமக்கும் இது பொருந்துமன்றோ!