ஒரே நூலை 100 முறை கேட்ட ஜெர்மானியர்: 300 ஆண்டுகளுக்கு முன் சீகன்பால்க் தமிழ் கற்றது எப்படி?

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் அடிக்கடி போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் அங்குள்ள சீயோன் லுத்தரன் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து வந்த மரபு அது.

ஜெர்மனியில் பிறந்த அந்த மரபு, தமிழகத்தின் தரங்கம்பாடியில் 1706-இல் தமிழ் பேசத் தொடங்கியது. தொடங்கி வைத்தவர், ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியாமல் கப்பலிலிருந்து இறங்கிய ஓர் இளைஞர்.

பெயர் பார்த்தலோமேயு சீகன்பால்க். அப்போது அவருக்கு வயது சுமார் 24.

அவருக்கு யார் தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் படித்தார்? அந்தத் தமிழ் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது?

யார் இந்த சீகன்பால்க்?

ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் உள்ள புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலமும் அடிக்கடி படுத்தியது.

அப்போது தரங்கம்பாடி டென்மார்க்கின் வணிகத் துறைமுகம். அங்கே மதப் பணி செய்ய ஆட்களை அனுப்ப விரும்பிய டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக், சீகன்பால்க்கையும் அவருடைய நண்பர் ஹைன்ரிக் புளூட்சாவையும் தேர்ந்தெடுத்தார்.

1705 நவம்பரில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறியவர்கள், 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். அரசர் அனுப்பிய ஆட்கள்தான். ஆனால் உள்ளூர் டேனிஷ் அதிகாரிகள் அவர்களை விரும்பி வரவேற்கவில்லை. பாதிரிகளால் வியாபாரத்துக்குத் தொல்லை வரும் என்ற கவலை அவர்களுக்கு.

மணலில் தொடங்கிய பாடம்

ஐரோப்பியர்கள் அன்று உள்ளூர் மக்களிடம் பேசப் பயன்படுத்தியது ஒரு வகைப் போர்ச்சுகீசிய மொழி. அதைக் கற்றுக்கொண்டால் வேலை நடந்துவிடும். ஆனால் தெருவிலும் வீட்டிலும் மக்கள் பேசியது தமிழ்தானே? புளூட்சாவ் போர்ச்சுகீசியத்தில் கவனம் செலுத்த, சீகன்பால்க் தமிழைக் கையில் எடுத்தார்.

கையில் தமிழ் அகராதி இல்லை. இலக்கண நூல் இல்லை. அதனால் எல்லப்பர் என்ற வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டில் நடத்தும்படி கேட்டுக்கொண்டார்.

நினைச்சுப் பாருங்க. பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தவர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகுகிறார்.

எழுத்து வந்துவிட்டது. ஆனால் அர்த்தம்? வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது, மாணவருக்குத் தமிழ் தெரியாது. அங்கேதான் அழகப்பன் வருகிறார்.

அழகப்பன் டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழோடு போர்ச்சுகீசியமும் டேனிஷும் ஜெர்மனும் பேசக்கூடியவர். இன்றைய கணக்கில் சொன்னால், ஆள் ஒரு பன்மொழிப் புலி. அவர் வந்த பிறகுதான் சீகன்பால்க்கின் தமிழ் வேகம் பிடித்தது. ஆனால் அந்த உதவி அழகப்பனுக்கு நல்லதாக முடியவில்லை. ஒரு கட்டத்தில் டேனிஷ் நிர்வாகம் அவரை ஊரைவிட்டே வெளியேற்றியது.

காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை

தன்னுடைய ஒரு நாளை சீகன்பால்க் மணிவாரியாக எழுதி வைத்திருக்கிறார். சுருக்கமாகப் பார்ப்போம்.

காலை 6 முதல் 7 வரை: தமிழில் சமய போதனை.

7 முதல் 8 வரை: முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்ப்பது.

8 முதல் 12 வரை: இதுவரை படிக்காத தமிழ் நூல்கள். பக்கத்தில் ஒரு புலவர் விளக்குவார். எழுத்தர் ஒருவர் புதிய சொற்களை எல்லாம் குறித்துக்கொள்வார்.

மதியம்: சாப்பிடும்போதும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு வெயிலுக்கு ஒரு மணி நேர ஓய்வு.

2 முதல் 3 வரை: மீண்டும் போதனை. 3 முதல் 5 வரை: மீண்டும் தமிழ் நூல்கள். அதன் பிறகு வழிபாடும் தமிழில் உரையாடலும்.

இரவு 7 முதல் 8 வரை: விளக்கு வெளிச்சத்தில் படித்தால் கண் கெடும் என்பதால், இன்னொருவர் வாசிக்க அவர் கேட்பார்.

அந்த இரவு நேரத்துக்கென்று, யாருடைய நடையில் பேசவும் எழுதவும் ஆசைப்பட்டாரோ அந்த நூலாசிரியர்களை மட்டும் தேர்ந்தெடுத்தார். ஒரே நூலை 100 முறை வரைகூட வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிடித்த பாட்டு மனப்பாடம் ஆகும்வரை நீங்கள் கேட்பீர்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதே வழிதான்.

இந்த உழைப்பில் சில மாதங்களிலேயே பேச்சு கைவந்தது. 1712-க்குள் சுமார் 40,000 சொற்கள் கொண்ட சொல் தொகுப்பைத் தயாரித்துவிட்டார்.

ஓலைகளைத் தேடி

நூல்கள் எங்கிருந்து கிடைத்தன? அன்றைக்கு எல்லாம் பனையோலைச் சுவடிகள். பிராமண விதவைகளின் வீடுகளில் ஓலைகள் தூங்கிக்கொண்டிருக்கும் என்று தெரிந்து, ஆட்களை ஊர் ஊராக அனுப்பி விலைக்கு வாங்கினார்.

1708-இல் 100-க்கும் மேற்பட்ட தமிழ் நூல்களின் பட்டியலை, குறிப்புகளோடு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதே ஆண்டு மூன்று நூல்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்: நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி.

பின்னிரண்டையும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? கிள்ளானிலோ கோலாலம்பூரிலோ தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்றால், செய்யுள் பகுதியில் நீங்கள் மனப்பாடம் செய்தவைதான்.

கற்ற மொழியால் வந்த சிக்கல்

தமிழ் தெரிந்ததும் தமிழர்களின் பிரச்னைகளும் அவர் காதில் விழுந்தன. கடன் தகராறு ஒன்றில் ஒரு தமிழ் விதவைக்காகப் பேசப் போனார். கோட்டைத் தளபதி ஹாசியஸுடன் மோதல் முற்றியது. 1708 இறுதியில் டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைக்கப்பட்டு, சுமார் நான்கு மாதங்கள் சிறையில் இருந்தார்.

இரண்டாவது சிக்கல் சொந்த ஊரிலிருந்து வந்தது. தமிழர்களின் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி, 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த தலைவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். அந்த மதத்தை மாற்றத்தானே உன்னை அனுப்பினோம், அதை இங்கே பரப்பவா என்பது அவர்கள் எண்ணம். அந்த நூல் அச்சானது 1867-இல்!

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. சீகன்பால்க்கின் நோக்கமும் மதமாற்றம்தான். ஆனால் அதற்காகப் படிக்க உட்கார்ந்தவர், இந்த மக்களிடம் ஒழுக்கமும் அறிவும் நூல் வளமும் இருப்பதை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொல்லும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவருடைய தமிழ் நல்ல தமிழா?

எல்லோரும் பாராட்டவில்லை. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அவருடையது. 1714-15இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது. ஆனால் தரங்கம்பாடிப் பாதிரிகளின் தமிழ்நடையை, பின்னர் வந்த வீரமாமுனிவர் கடுமையாகக் கிண்டலடித்தார். சமயப் போட்டி ஒரு காரணம். நடை கரடுமுரடாக இருந்ததும் உண்மைதான்.

சீகன்பால்க் கற்பதை நிறுத்தவில்லை. 1714-இல் ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை உடன் அழைத்துச் சென்றார், கப்பலிலும் தமிழ் விட்டுப்போகக் கூடாது என்று. அந்தப் பயணத்தின்போது உருவான தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஹாலேயில் லத்தீனில் வெளியானது.

1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், தரங்கம்பாடியில் இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் ஜெர்மனில் எழுதிய கொன்றை வேந்தன் அச்சேற 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு மணலில் அகரம் எழுதக் காட்டிய பிள்ளைகளின் பெயர்கள் எந்த அட்டையிலும் இல்லை.