மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போன மாணவர்

கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. சுடுகாட்டுப் பாதை இல்லாத நம் சேரியிலிருந்து மனுக் கொடுக்க ஆளைக் கூப்பிட்டால், பலர் தயங்குகிறார்கள். கொடுத்து என்ன ஆகப்போகிறது, ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தால் வம்பு என்கிறார்கள். இதைச் சோம்பல் என்று சொல்வது தவறு. பட்ட அடிதான் மனத்தில் பயமாகத் தங்குகிறது. அந்தப் பயத்தோடு வளர்ந்த ஒருவரின் கதை இது.

இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்தபோது உடன் படித்த சுமார் 400 பேரில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, யாரோடும் பழகாமல் வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். பள்ளி விட்டதும், மற்ற மாணவர்கள் வந்து சேருவதற்குள் வேகமாக நடந்து வீடு போய்விடுவார்.

நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்துவிட்டு 1890இல் சென்னைக்கு வந்தார். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’. எந்தச் சொல் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று சின்ன வயதில் ஒளிந்தாரோ, அதையே முகப்பில் அச்சிட்டார். வெட்கம் நம்முடையது அல்ல, நம்மை இழிவாக நடத்தியவர்களுடையது என்று நம் மக்கள் மனத்தில் பதியவைத்தார். அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

அதே ஆண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நடத்தினால் அதிகாரம் முழுவதும் சாதி இந்துக்கள் கைக்கே போகும் என்று எதிர்த்து, 3,412 பேரிடம் கையொப்பம் வாங்கி இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். தனியாக இருந்தால் பயப்படுகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்தைப் பார்த்தால் தாமும் போடத் துணிவார்கள்.

பிறகு சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லாவற்றிலும் எவருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். இன்று கள்ளக்குறிச்சி சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதியாக இருப்பதன் வேர் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1945இல் காலமானார்.

கல்வராயன் மலை மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக உத்தரவு கேட்டே வாழ்ந்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் ஒரே நாளில் வந்துவிடாது. மலையிலும் சரி, கீழே சேரியிலும் சரி, ஓட்டுக்குப் பணம் வாங்குகிறவர்கள் என்று நம்மை ஏசுவது எளிது. கேட்டது ஒருமுறையாவது கிடைத்தால்தான் மறுபடி கேட்கத் தோன்றும் என்பதை ஏசுகிறவர்கள் நினைப்பதில்லை.

மாணவர்களே, வரும் திங்கட்கிழமை சுடுகாட்டுப் பாதைக்கான மனுவை நீங்கள் எழுதுங்கள். முதல் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்கட்டும். பெரியவர்கள் பின்னால் வருவார்கள்.