மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (சூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், ஒளிப்படக் கலைஞர், ஓவியர். தென்னிந்தியாவின் காட்டுயிர்களைப் பற்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து எழுதியவர். ஆங்கில எழுத்துக்காகவே பெரிதும் அறியப்பட்டாலும், தமிழில் பறவைகளைப் பற்றியும் வேடந்தாங்கல் சரணாலயத்தைப் பற்றியும் பொதுமக்களுக்காக எழுதிய முன்னோடிகளில் ஒருவர்.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை, பத்மாவதி சரித்திரம் புதினத்தை எழுதிய அ. மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணனே கடைசி. பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியான மா. அனந்தநாராயணன் இவருடைய அண்ணன். தமிழில் அறிவியல் எழுதிய பெ. நா. அப்புஸ்வாமி நெருங்கிய உறவினர். பணிஓய்வுக்குப் பின் மாதவையா மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். அக்காலச் சென்னையில் வீட்டைச் சுற்றித் தோப்பும் புதரும் இருந்தன. நரியும் கீரியும் அங்கே அரிய காட்சிகள் அல்ல. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தார். காட்டுக்குப் போகுமுன்னரே வீட்டுக் கொல்லையில் உயிரினங்களைப் பார்க்கப் பழகியவர் இவர். பின்னாளில் இவர் வெளியிட்ட முதல் நூலின் தலைப்பிலேயே காட்டுடன் கொல்லைப்புறமும் சேர்ந்து நின்றது.

1925இல் மாதவையா சென்னைப் பல்கலைக்கழகப் பேரவைக் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டுமென்று பேசி முடித்த சற்று நேரத்தில் உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தபின் 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் தாவரவியலைப் பாடமாகக் கொண்டார். அங்குப் பேராசிரியராக இருந்தவர் பிலிப் பர்லி பைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிய நூல்களால் புகழ்பெற்ற அறிஞர். பைசன் மாணவர்களை மலைகளுக்கு அழைத்துச் சென்று, செடியை அது வளரும் இடத்திலேயே காட்டிக் கற்பித்தார். அவ்வாறான பயணங்களில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கிருஷ்ணன் சென்றார். பைசனின் மனைவி தாவர ஓவியர். நீர்வண்ண ஓவியத்தில் கிருஷ்ணனுக்கு வழிகாட்டியவரும் அவரே. கிருஷ்ணனின் இயற்கைக் கல்வி வகுப்பறையில் அல்ல, இந்த நடைகளிலேயே நிகழ்ந்தது என்று சொல்வது மிகையாகாது. தேர்வுகளில் இவர் பெரிதாகச் சிறக்கவில்லை. முதுகலைப் படிப்புக்குப் பின் சட்டமும் படித்தார். ஆனால் வழக்கறிஞர் தொழிலில் நிலைக்கவில்லை.

சண்டூர்

நிலையான வேலை கிடைக்காமல் சில ஆண்டுகள் எழுத்திலும் சித்திரத்திலும் காலம் கழித்த கிருஷ்ணன், 1942இல் இன்றைய கர்நாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் என அங்கே இவர் வகித்த பொறுப்புகள் பல. இவற்றைவிட இவருக்குப் பயன்பட்டது சண்டூரின் மலைகளும் புதர்க்காடுகளுமே. ஓய்வு நேரமெல்லாம் அவற்றில் நடந்தார். சமஸ்தானம் 1949இல் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை என்று முடிவு செய்து, எழுத்தையும் ஒளிப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்ந்தார். குடும்பத்தை வைத்துக்கொண்டு அக்காலத்தில் எடுப்பதற்குத் துணிவு வேண்டிய முடிவு அது.

எழுத்துப்பணி

1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒருமுறை வரும் இயற்கைப் பத்தி ஒன்றைத் தொடங்கினார். நாற்பத்தாறு ஆண்டுகள் அது வெளிவந்தது. கடைசிக் கட்டுரை இவர் இறந்த நாளன்று அச்சாகியிருந்தது. யானை, புலி போன்ற பேருயிர்களுக்கு அளித்த கவனத்தையே காகம், அணில், பல்லி ஆகியவற்றுக்கும் அளித்தது அப்பத்தியின் தனித்தன்மை.

கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பெரிய ஒளிப்படக் கருவியைக் காட்டுக்குள் சுமந்து சென்றார். முதுமலையிலும் பெரியாற்றிலும் யானைகளை நெருங்கி இவர் எடுத்த படங்கள் குறிப்பிடத்தக்கவை. படம் எடுப்பது இவருக்கு ஆவணப்படுத்தும் வேலை. விலங்கு என்ன செய்கிறது என்பது தெரியாத அழகான படத்தை இவர் பெரிதாக மதித்ததில்லை.

1968இல் ஜவகர்லால் நேரு நினைவு நிதியின் ஆய்வு நல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிக் கள ஆய்வு செய்தார். அதன் விளைவான நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது.

வேடந்தாங்கலும் பறவை வழிகாட்டலும்

தமிழில் கிருஷ்ணன் செய்த பணிகளுள் முதன்மையானது கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய பறவைக் கட்டுரைகள். பெரியசாமி தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள் கொண்டது. பறவை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்த அக்காலத்தில், தமிழ் மாணவர் ஒருவர் தம் ஊர் ஏரியில் நிற்கும் பறவை எது என்று தமிழிலேயே தேடிப் படிக்க இக்கட்டுரைகள் வழி செய்தன. இவற்றுடன் வேடந்தாங்கலைப் பற்றி அரசுக்காக ஒரு சிறுநூலும் எழுதினார்.

இச்சிறுநூலின் தேவையை அறிய வேடந்தாங்கலின் இயல்பை அறிதல் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் அருகே உள்ள இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 எக்டேர் மட்டுமே. நீருள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தை கொத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா முதலியன ஒன்றாகக் கூடு கட்டுகின்றன. இவை யாவும் வெளிநாட்டிலிருந்து வருவன என்று பார்வையாளர் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் கூடு கட்டுவன இந்நாட்டுப் பறவைகளே. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் இனப்பெருக்கத்துக்காகக் கூடுகின்றன. குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வரும் கிளுவை, ஊசிவால் வாத்து போன்றவை இங்குக் கூடு கட்டுவதில்லை. இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஆளோ நூலோ இல்லாவிட்டால், கரையில் நிற்பவர் காண்பது வெறும் கூட்டத்தை மட்டுமே.

ஊர்மக்கள் இப்பறவைகளைக் காத்துவந்தமைக்குத் தெளிவான காரணம் உண்டு. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயல்களுக்கு உரமாகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படையினர் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை உறுதி செய்யும் பட்டயம் ஒன்றையும் பெற்றனர். அது 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 1936இல் ஏரி சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. ஆகவே அரசு பாதுகாக்கத் தொடங்கியபின் மக்கள் இணைந்தார்கள் என்று கூறுவதற்கில்லை, வரிசை அதற்கு நேர்மாறானது.

இங்குப் பார்வையாளர் காட்டுக்குள் நுழைவதில்லை. ஏரிக்கரையே நடைபாதை. கரையிலிருந்தும் காட்சிக் கோபுரத்திலிருந்தும் பறவைகளைக் குலைக்காமல் பார்க்கலாம். இரை தேடச் சென்றவை கூடு திரும்பும் மாலை வேளை இதற்கு ஏற்றது. நிபுணரின் துணையுடன் கரையில் நடப்பது போன்ற பயனைத் தனியே வருபவருக்கும் தருவது இத்தகைய வழிகாட்டி நூலே.

வேடந்தாங்கல் பறவைகளுக்குப் பெரும்பாலும் கூடு கட்டும் இடமே. அவற்றின் இரை சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும் உள்ளது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளுக்குப் பெயர் பெற்றது. அதில் அமைந்த திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரமும் ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த நிலமே. கிருஷ்ணன் மறைந்த 1996ஆம் ஆண்டிலேயே இருங்காட்டுக்கோட்டை மகிழுந்து ஆலைக்கான நிறுவனம் தொடங்கப்பட்டது. 1998இல் உற்பத்தி தொடங்கியது. அதன்பின் அவ்வட்டாரம் தொழிற்சாலைகளின் நீண்ட வரிசையாக மாறியது. ஒரு சரணாலயத்தின் வேலிக்கு உள்ளே மட்டும் பறவைகளைக் காத்தால் போதுமா என்னும் கேள்வி இம்மாவட்டத்துக்கு இன்று நேரடியானது. வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பாதுகாப்புக் கருத்துகள்

இந்திய வனவிலங்கு வாரியத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தவர்களுள்ளும் ஒருவர். காப்பகங்களில் மனிதத் தலையீடு இயன்றவரை குறைவாக இருத்தல் வேண்டும் என்பது இவர் நிலைப்பாடு. அழகுக்காகவோ விரைந்த வளர்ச்சிக்காகவோ அயல்நாட்டு மரங்களைக் காடுகளில் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். ஒரு நாட்டின் தனித்தன்மை அதன் மரஞ்செடி உயிரினங்களிலும் உள்ளது என்று கருதினார். கருத்தில் விட்டுக்கொடுக்காதவர். அதிகாரிகளோடும் சக இயற்கையியலாளரோடும் முரண்படத் தயங்கியதில்லை.

விருதுகளும் பின்வந்த பதிப்புகளும்

இந்திய அரசு 1970இல் பத்மசிறீ விருது வழங்கியது. 1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலக ஐந்நூற்றுவர் பட்டியலில் இவர் பெயர் இடம்பெற்றது. சென்னையில் 1978இல் தொடங்கப்பட்டு, உறுப்பினர்களையும் ஆர்வலர்களையும் ஏரிகளுக்கும் காடுகளுக்கும் அழைத்துச் சென்றுவரும் சென்னை இயற்கையியலாளர் சங்கம், இளையோரின் இயற்கை எழுத்துக்கான பரிசு ஒன்றை இவர் பெயரில் வழங்கியுள்ளது.

தமிழில் கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் நாவலையும் எழுதினார். இதழ்களில் சிதறிக் கிடந்த தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க, மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் நூலாயின. ஆங்கிலக் கட்டுரைகளின் தொகுப்பொன்றை இராமச்சந்திர குகா பதிப்பித்தார். கலைக்களஞ்சியப் பறவைக் கட்டுரைகளும் வேடந்தாங்கல் சிறுநூலும் பெருமாள்முருகனின் தொகுப்பில் பறவைகளும் வேடந்தாங்கலும் என்ற நூலாக வெளிவந்துள்ளன.