மார்ட்டின் லூதரும் எட்டாத நீதியும்

சட்டம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவர் 1505 ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜேர்மனியின் எர்ஃபர்ட் நகருக்குத் திரும்பும் வழியில் இடிமின்னலில் அகப்பட்டார். மரண பயத்தில் புனித அன்னம்மாளை விளித்து, உயிர் பிழைத்தால் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். மகனைச் சட்டவல்லுநராகக் காண விரும்பிய தந்தை சினமுற்றபோதிலும், இரு வாரங்களில் அகுஸ்தீனார் சபை மடத்தில் சேர்ந்துவிட்டார். நாட்டுச் சட்டத்தைக் கைவிட்ட மார்ட்டின் லூதருக்கு அங்கே அதனிலும் கடுமையான சட்டமொன்று காத்திருந்தது.

உபவாசம், இராவிழிப்பு, ஓயாத செபம் என உடலை வருத்தியும் அவருக்கு மன அமைதி கிட்டவில்லை. 1507 இல் குருப்பட்டம் பெற்று முதற் திருப்பலியை ஒப்புக்கொடுத்தபோது அச்சத்தால் நடுங்கினார். மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வார். முடித்துத் திரும்புமுன்னரே மறந்துபோன பாவமொன்று நினைவில் உறுத்தும். அவரது ஆன்ம வழிகாட்டியான ஸ்டௌபிட்ஸ் அடிகளாரே சலிப்புற்றார் என்பர். இதனை வெறும் மனப்பிறழ்வென ஒதுக்கிவிட நாம் துணியோம். முழு இருதயத்தோடும் இறைவனில் அன்புகூர வேண்டும் என்ற கட்டளையைச் சொல்லுக்குச் சொல் ஏற்றுக்கொண்ட ஒருவர், தாம் அதை நிறைவேற்றிவிட்டதாக எங்ஙனம் கூறுவார்?

விடை விற்றன்பேர்க் பல்கலைக்கழகத்தில் கிட்டியது. வேதாகமப் பேராசிரியராக 1515, 1516 ஆம் ஆண்டுகளில் உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தை விளக்கி விரிவுரையாற்றினார். இறைவனின் நீதி என்பது மனிதனைத் தண்டிக்கும் நீதியன்று, விசுவாசிப்பவனுக்கு இலவசமாய் அருளப்படும் நீதியே என்ற தெளிவு அவருக்குப் படிப்படியாக ஏற்பட்டது. நியாயப்பிரமாணம் நோயைக் காட்டும். குணமாக்குவது கிருபையே என்பது அவரது போதனையாயிற்று. அந்நிருபத்திற்கு அவர் எழுதிய முன்னுரை 1738 இல் இலண்டனில் வாசிக்கப்படக் கேட்டே ஜோன் வெஸ்லி உள்ளம் நெகிழ்ந்தார். வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்த மிஷனரிமார் 1814 இல் இலங்கையில் வந்திறங்கியமை நாம் அறிந்ததே.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்த 95 கூற்றுகளை 1517 ஒக்டோபர் 31 ஆம் திகதி மைன்ஸ் பேராயருக்கு அனுப்பியதும், 1521 இல் பாப்பரசர் அவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கியதும் பலரும் அறிந்த வரலாறு.

எனினும், கிருபையைப் போதித்தவர் எல்லோரிடத்தும் கிருபை காட்டினாரில்லை. 1525 இல் கிளர்ந்தெழுந்த விவசாயிகளை ஈவிரக்கமின்றி ஒடுக்குமாறு பிரபுக்களைத் தூண்டி எழுதினார். 1543 இல் யூதருக்கு எதிராக அவர் வெளியிட்ட நூல் அவர்களது தொழுகைக்கூடங்களைத் தீயிடவும் கோரியது. நான்கு நூற்றாண்டுகளின் பின்னர் நாசிகள் அதனைத் தமக்குச் சாதகமாக எடுத்தாண்டனர். முதுமையையும் நோயையும் காட்டி இதற்குச் சமாதானம் கூறுவோருடன் நாம் உடன்படவில்லை. நீதிமானாக்கப்பட்டவனும் பாவியாகவே இருக்கிறான் என்று போதித்த லூதரின் வாழ்வே அப்போதனைக்குக் கசப்பான சாட்சியாயிற்று.

1546 பெப்ரவரி 18 ஆம் திகதி, தாம் பிறந்த ஐஸ்லேபன் நகரிலேயே லூதர் காலமானார். மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களின் குடும்பப் பிணக்கைத் தீர்த்துவைக்கவே அவர் அங்கு சென்றிருந்தார். இறப்பதற்கு இரு தினங்களுக்கு முன்னர் இலத்தீனும் ஜேர்மனுமாக எழுதிய சிறு குறிப்பொன்று பின்னர் கண்டெடுக்கப்பட்டது. மனிதரெல்லாம் இரவலர் என்பதே அதன் இறுதிப் பகுதியின் கருத்து. தம்மையும் அவர் அவர்களுள் ஒருவராகவே எண்ணியிருந்தார்.